சர்வரில் நகல் வேண்டாம்

முதல் மின்னஞ்சல் கணினிக்குள் இறங்கியதும் சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது. இணை இயக்குநர் அதைப் பொருட்படுத்தவில்லை. ஓய்வுபெற்று வருடங்களாகியும் வாசல் பலகையிலிருந்து அந்தப் பதவியை இறக்காதவர், மனைவி குழாயை மூடுவதையெல்லாம் கவனிக்கிற ஆளில்லை.

தவிர, அன்று மாலை கையில் பெரிய காரியம் இருந்தது. இணையத்தில் கிடந்த தன் அஞ்சல் கணக்கை மேசைக் கணினியிலுள்ள அஞ்சல் மென்பொருளோடு இணைக்க வேண்டும். வெளியூரிலிருந்து மகள் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, அமைச்சருக்கே உத்தரவு எழுதுகிற தோரணையில் முகவரியையும் கடவுச்சொல்லையும் தட்டினார். ‘இறக்கிய பின் சர்வரில் நகலை வைத்திரு’ என்ற கட்டத்தில் ஏற்கெனவே டிக் இருந்தது.

“அதை மட்டும் எடுத்துடாதீங்கப்பா. அப்புறம் அங்க ஒண்ணுமே மிஞ்சாது.”

“ஒரே கோப்பு ரெண்டு இடத்துல கிடந்தா அதுக்குப் பேரு நிர்வாகமாம்மா?”

போனை வைத்தார். டிக்கை எடுத்தார்.

பழைய அஞ்சல்கள் முதலில் வந்தன. எல்லாம் மனைவி எழுதியவை. அலுவலக நேரத்தில் வீட்டு அழைப்பை எடுப்பதில்லை என்று அவர் சட்டம் போட்டிருந்ததால், பால் தீர்ந்தது முதல் தன் தகப்பன் செத்தது வரை அவள் அஞ்சலில்தான் தெரிவித்திருந்தாள். ஒவ்வொன்றாக அவை இறங்க இறங்க, மழைக்கு மூடிய ஜன்னல்களுக்குள் தேங்கி நின்ற வெங்காயம் வதங்கும் வாசனையும், அவள் வாய்க்குள்ளேயே முனகும் பாட்டும், தேய்ந்த செருப்பு தரையில் இழுபடும் ஓசையும், யாரோ மறுமுனையில் பிடித்து இழுப்பதுபோல வீட்டை விட்டு மெல்ல உருவிக்கொண்டு போயின.

“ஏம்மா, காப்பி என்னாச்சு?”

எழுந்து போனார்.

அடுப்பு சில்லென்று இருந்தது. குழாயடி காய்ந்திருந்தது. படுக்கையறை அலமாரியில் அவருடைய சட்டைகள் மட்டும். சுவர்ப் படத்தில், இல்லாத ஒரு தோளைச் சுற்றி வளைந்த கையோடு, அவர் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மகளை அழைத்தார். அம்மா அங்கே வந்தாளா என்று கேட்டார்.

“எந்த அம்மாப்பா?” அவள் குரலில் உண்மையான கவலை இருந்தது. “உடம்பு சரியில்லையா?”

போனும் கையுமாகக் கணினியிடம் ஓடிவந்தார். ‘ரத்து’ பொத்தான் சாம்பல் நிறத்தில் கிடந்தது. அழுத்தினார். அசையவில்லை. இணைய வயரைப் பிடுங்கினார். அஞ்சல்கள் இறங்கிக்கொண்டே இருந்தன. கணினிப் பெட்டிக்குள், மின்விசிறியின் இரைச்சலுக்கு அடியில், குழாய் ஒழுகும் சத்தம்.

“என்னங்க.” மிக உள்ளேயிருந்து.

மனைவியின் அஞ்சல்கள் தீர்ந்தன. அடுத்த அனுப்புநர், மகள். போனைக் காதில் அழுத்திக்கொண்டார்.

“ஏம்மா, பேசிட்டே இரு. எதாவது பேசு.”

“இங்கதானப்பா இருக்கேன். ஏன் இப்படி—”

காதில் வெறும் பிளாஸ்டிக்கின் குளிர்ச்சி.

பெட்டிக்குள் இப்போது இரண்டு பெண்குரல்கள் தணிவாகப் பேசிக்கொண்டிருந்தன. அவர் பெயர் அடிபட்டது.

பட்டியல் நகர்ந்தது. தான் எழுதிய சுற்றறிக்கை ஒவ்வொன்றுக்கும் தனக்கே ஒரு நகல் அனுப்பிக்கொள்வது அவர் பழக்கம்.

அனுப்புநர்: இணை இயக்குநர்.

கையை இழுக்கப் பார்த்தார். மவுஸின் மேலிருந்த அந்தக் கைக்குள், மேசையின் மரவரிகள் தெளிவாகத் தெரிந்தன.