தொய்வுக்காரரின் கதிரை

கட்டிலில் ஜவாஹிர் மல்லாந்து படுத்திருந்தார். வேறெந்த வீட்டிலும் இது ஒரு விஷயமே அல்ல. இந்த வீட்டில் அவர் அப்படிப் படுத்து வருஷக்கணக்காகிவிட்டது.

மாத்தளைக் கடையில் மிளகு புடைத்துப் புடைத்து, அந்தத் தூசியில் வந்த தொய்வு. படுத்தால் மூச்சு முட்டும். பிரம்புக் கதிரையில் உட்கார்ந்து, மேசைமேல் தலையணையை வைத்து, அதில் கவிழ்ந்துதான் உறக்கம். அவர் இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் துருப்பிடித்த கதவைத் திறப்பதுபோல வீடெங்கும் கேட்கும். பக்கத்தில் நின்று முதுகைத் தடவித் தடவி அவர் மனைவி ஹமீமாவின் கை மரத்துப் போயிருந்தது. ‘யா அல்லாஹ், ஒரு ராவாவது இந்தச் சத்தம் இல்லாம நான் தூங்கணும்’ என்று போன வாரம் தொழுகைப்பாயில் கேட்டே விட்டாள். கேட்டபின் அழுதாள்.

இன்று மஃரிப் எனும் அந்தித் தொழுகைக்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது.

“கொஞ்சம் படுக்கட்டா, புள்ள? இடுப்பு விட்டுப் போகுது” என்று கெஞ்சினார்.

“வேணாங்க. டொக்டர் என்ன சொன்னாரு? ஆடாதோடை அவிச்சுக் கொண்டாறேன், அதுவரைக்கும் இருங்க.”

அடுப்படியில் ஈரவிறகு புகைந்து கண்ணைக் கரித்தது. கஷாயத்தின் கசப்பு மணம் தொண்டைவரை இறங்கியது. தகரக் கூரையில் மழை கொட்டியது. அதையெல்லாம் மீறி அறையிலிருந்து இழுப்புச் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அது கேட்கும்வரை அவளுக்குப் பயமில்லை. சுவரில் சாய்ந்து கொஞ்சம் கண்ணயர்ந்துகூடப் போனாள்.

இப்போது கோப்பையும் விளக்குமாக வந்து பார்த்தால், மனிதர் படுத்திருக்கிறார்.

“சொல்லச் சொல்லக் கேக்காம படுத்துட்டீங்களா?”

இழுப்பு கேட்டது. அந்தத் தைரியத்தில் கோபம் வந்தது. கையிலிருந்ததை வைத்துவிட்டு, அவர் தோளைப் பிடித்துத் தூக்கினாள். கனத்தது. தோள் குளிர்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. நெஞ்சு அசையவில்லை.

இழுப்பு மட்டும் கேட்டது.

அவரிடமிருந்து அல்ல. அவளுக்குப் பின்னாலிருந்து.

திரும்பினாள். கதிரை காலி. மேசைமேல் தலையணை. அதன் நடுவில் ஒரு குழி. ஒவ்வொரு இழுப்புக்கும் அமுங்கியது. எழுந்தது. பிரம்பு முனகியது.

“முதுகத் தடவு, புள்ள.”

ஓட நினைத்தாள். கைதான் நீண்டது. பழக்கம். வெறுங்காற்றில் ஒரு முதுகு தட்டுப்பட்டது. சூடாக. வியர்வையில் நனைந்து.

கட்டிலில் ஜவாஹிர் நிம்மதியாகப் படுத்திருந்தார். அவள் கை தடவிக்கொண்டே இருந்தது.