சுல்மாவின் முறை

குடுவை காலியாகத் திரும்பியிருந்தது.

எவாரிஸ்தோ அதை இரண்டு கைகளாலும் ஏந்தி உள்ளே பார்த்தார். அடியில் மாத்தே என்கிற கசப்புத் தேநீரின் இலைகள் கசங்கிக் கிடந்தன. சற்று முன் விளிம்புவரை அவர் ஊற்றிய வெந்நீரைக் காணோம். சிந்தியிருந்தால் படிக்கல் நனைந்திருக்கும். கல் காய்ந்து கிடந்தது. உறிஞ்சு குழலின் வாய் மட்டும் ஈரமாக இருந்தது.

பக்கத்தில், மூடிப்போன செருப்புக் கடையின் இரும்புக் கதவை ஒட்டி, போர்வை எப்போதும்போலக் குவிந்து கிடந்தது. அதற்கடியில் இருப்பது நாலு அட்டைப் பெட்டி. அது அவருக்கு நன்றாகத் தெரியும், அடுக்கியவரே அவர்தான்.

சுல்மா என்று ஒருத்தி கிடையாது. இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால், வீடில்லாதவர்களுக்கான அரசாங்கக் காப்பகத்தின் வேன் முதல்முதலாக வந்து நின்றபோது அவர் வாயில் வந்த பொய் அது. காப்பகத்தில் ஆண்களுக்கு ஒரு கட்டடம், பெண்களுக்கு வேறு கட்டடம். அதற்கு முன்பே ஒரே ஒரு ராத்திரி அங்கே படுத்துப் பார்த்திருக்கிறார். செருப்பு திருட்டுப் போனது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார், நாற்பது பேர் இருமிக்கொண்டு கிடந்த கூடத்தில் ஒருவர்கூட அவர் பெயரைக் கேட்கவில்லை. அதனால், பெண்டாட்டி தூங்குகிறாள், அவளை விட்டுவிட்டு வர முடியாது என்று போர்வையைக் காட்டினார். அதோடு நச்சரிப்பு நின்றது. களி மாதிரி கெட்டியான பருப்புக் குழம்பு இரண்டு தட்டாக வர ஆரம்பித்தது. மனிதர் கெட்டிக்காரர், இரண்டையும் சாப்பிட்டார்.

முப்பது வருஷம் மொந்தெவிதேயோ நகரத்து வீடுகளுக்குத் தரை ஓடு பதித்தவர். அம்மா இறந்ததும் தம்பிகள் வீட்டை விற்றார்கள். எவாரிஸ்தோ தெருவுக்கு வந்தார். தெருவில் பசியைவிட மோசமானது ஒன்று உண்டு. போகிறவர் வருகிறவர் எல்லாரும் அவரைத் தாண்டி இரும்புக் கதவைப் பார்த்தார்கள். நாள்கணக்கில் பேசாமல் கிடந்து, ஒருநாள் இருமியபோது தன் குரலையே அடையாளம் தெரியாமல் திடுக்கிட்டார். அதற்குப் பிறகுதான் போர்வையோடு பேச ஆரம்பித்தார். பைத்தியம் பிடிக்காமல் இருக்கத்தான் அந்தப் பைத்தியக்காரத்தனம். மாத்தே ஊற்றினால் தனக்கு ஒரு முறை, சுல்மாவுக்கு ஒரு முறை. அவள் முறையைப் போர்வை ஓரம் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு, அவரே எடுத்துக் குடிப்பார். மாத்தே குடிக்கும் வழக்கப்படி, போதும் என்கிறவர்கள் நன்றி சொல்லிக் குடுவையைத் திருப்பித் தருவார்கள். சொல்லாதவரை ஊற்றுகிறவர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். சுல்மா ஒருநாளும் நன்றி சொன்னதில்லை.

போன வாரம் இரண்டாவது தட்டு, அவர் தொடுவதற்கு முன்பே, வழித்துத் துடைத்தமாதிரி கிடந்தது. நாய் என்று நினைத்துக்கொண்டார். பிறகு ஈரக் கம்பளி நாற்றம், அதற்கும் அடியில் வெகுநாள் பூட்டிக் கிடந்த அறையின் நாற்றம். இப்போது இது.

சோதித்துப் பார்த்துவிட வேண்டும். இன்னொரு முறை ஊற்றி, போர்வை ஓரம் வைத்துவிட்டு, தெருப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ராத்திரி ஏழு மணிப் பேருந்து கடகடத்துப் போனது. ஆற்றுக் காற்று சந்தில் ஊளையிட்டது. அடங்கியது.

குழலில் நீர் ஏறும் சத்தம்.

மெதுவாக. நிதானமாக.

கடைசிச் சொட்டு கரகரத்தது.

அவர் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. இங்கிருந்து போய்விட வேண்டும், பெயர் கேட்காத அந்த நாற்பது பேர் நடுவில் படுத்தாலும் போதும் என்று மட்டும் நினைத்தார். வேன் வரட்டும். உண்மையைச் சொல்லிவிடலாம்.

வேன் வந்தது. வழக்கமாக வரும் ஒஃபெலியா, கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டபடி இறங்கினாள்.

"இன்னிக்கு நீங்க வந்தே ஆகணும், எவாரிஸ்தோ ஐயா. விடியறதுக்குள்ள ஒடம்பே உறைஞ்சிடும்."

"வரேன். நான் மட்டும்தான் வரேன்." போர்வைப் பக்கம் பார்க்காமலே கையைக் காட்டினார். "அங்க யாரும் இல்ல. நான் சொன்னது பொய். சுல்மான்னு யாருமே கெடையாது."

ஒஃபெலியாவுக்குக் கோபம் வரவில்லை. புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு நடுவே அகப்பட்ட பக்கத்து வீட்டுக்காரியைப்போல நின்றாள்.

"சண்டைன்னா இப்படியா பேசுறது? போன செவ்வாக்கெழம நீங்க தூங்கிட்டிருந்தீங்க. அவங்கதான் எங்கிட்டேர்ந்து தட்ட வாங்கினாங்க. கை ஐஸா இருந்துச்சு. அதனாலதான் ஆபீஸ்ல மல்லுக்கட்டி ஒங்க ரெண்டு பேருக்கும் ஒரே ரூமா வாங்கியிருக்கேன். பிரிக்க மாட்டாங்க."

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தார்.

அதற்குள் அவள் குனிந்து, "எழுந்திரிங்கம்மா, கையக் குடுங்க" என்றாள்.

போர்வை எழுந்தது.

ஒஃபெலியாவின் தோள் உயரத்துக்கு நின்றது. அட்டைப் பெட்டிகள் நாலும் கதவோரம் அப்படியே இருந்தன. அவள் தோளில் சாய்ந்து, ஒவ்வொரு அடியாக நடந்து, வேனில் ஏறி உட்கார்ந்தது.

தெருவில் ஆள் இல்லை. குளிர் எலும்புக்குள் இறங்கியது. வேனுக்குள் மஞ்சள் விளக்கு, சூடு, அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் ஒரு குரல்.

எவாரிஸ்தோ ஏறினார்.

போர்வை நகர்ந்து அவருக்கு இடம் விட்டது.