கத்திரி தொங்கிய ஆணி

சின்னவள் பின்னல் போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்கி வந்த காலையில்தான் அந்த வீட்டில் மறுபடியும் வெடித்தது.

மேலே வீடு, கீழே சலவைப் பட்டறை. விடுதிகளிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, ஆள் நீளத்துக்குச் சுழலும் இரண்டு சூட்டு உருளைகளுக்கு நடுவே விட்டு இஸ்திரி போட்டுக் கொடுப்பது குடும்பத் தொழில். மெஷினுக்கு முன்னால் நின்று ஈர விரிப்பை உருளைக்குள் கொடுப்பவள் சின்ன மருமகள். பக்கவாட்டில் நின்று, சூடாக வெளியே வருவதை இழுத்து மடிப்பவள் மூத்த மருமகள். கையை நீட்டினால் தொட்டுவிடும் தூரம்தான் இருவருக்கும். ஆனாலும் இரண்டு வருஷமாக அவர்களுக்குள் வேலைக்கு வேண்டிய வார்த்தைக்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

மூத்தவள் அந்தப் பின்னலைப் பார்த்தாள். பிடரியோடு போயிருந்த முடி பாதி முதுகு வரை வளர்ந்துவிட்டது. சின்னவள் ஒரு விரிப்பை எடுக்கக் குனிந்தபோது அது தோளைத் தாண்டி முன்னால் வழுக்கி விழுந்தது. மூத்தவள் மடித்துக்கொண்டிருந்த விரிப்பைக் கீழே வைத்தாள்.

"அதைத் தூக்கிக் கொண்டையா போட்டுக்கோயேன்" என்றாள், மெதுவாகத்தான்.

மூட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்த மாமியார் நிமிர்ந்தாள். "ஆரம்பிச்சாச்சா? இப்பதான் அந்தப் பொண்ணு தலையில முடின்னு ஒண்ணு கண்ணுக்குத் தெரியுது. அதுக்குள்ள உனக்குக் கரிக்குதா?"

சின்னவள் பின்னலை வெடுக்கென்று முதுகுப் பக்கம் எறிந்தாள். "என் தலையை நான் எப்படி வாரணும்னு எனக்குத் தெரியும் அத்தை. சொல்றவங்க கிட்ட சொல்லி வைங்க."

மூத்தவள் நேரே எதிரில்தான் நின்றுகொண்டிருந்தாள். அந்த வீட்டில் அவளோடு பேசுவதெல்லாம் இப்படிச் சுவரில் பட்டுத்தான் அவளிடம் வந்து சேரும்.

சொந்தக்காரர்கள், மூட்டை கொண்டு வருகிறவர்கள், தண்ணீர் வண்டிக்காரர் வரை எல்லோருக்கும் தெரிந்த கதை அது. சின்னவளுக்கு முழங்காலைத் தொடும் முடி இருந்ததாம். எலிவால் பின்னல்காரியான மூத்தவளுக்கு அது பொறுக்கவில்லையாம். வீட்டில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம் பிடரியோடு வெட்டிப் போட்டுவிட்டாளாம். மாமியார் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தாளாம்.

பார்த்தது பொய்யில்லை. வாசலில் வந்து நின்றபோது சின்னவள் தரையில் கிடந்து அழுதுகொண்டிருந்தாள். மூத்தவள் ஒரு கையில் கத்திரியும் ஒரு கையில் முடியுமாக நின்றாள். ஆனால் அதற்குச் சற்று முன்னால் நடந்ததை மாமியார் பார்க்கவில்லை.

உருளைகளுக்குள் கை போகாமல் தடுக்க முன்னால் ஒரு மூடி இருந்தது. அன்று விரிப்பு அதில் மாட்டி மாட்டி வேலை ஓடவில்லை. சின்னவள் பொறுமை இழந்து அதைப் பிடுங்கினாள். கீல் உடைந்து கையோடு வந்துவிட்டது. அடுத்த விரிப்பைக் கொடுக்கக் குனிந்தாள். பின்னல் முன்னால் விழுந்தது. உருளை அதைக் கவ்வியது. மெஷினை நிறுத்தும் சுவிட்ச் வாசலை ஒட்டி எதிர்ச் சுவரில் இருந்தது. நூல் பிசிறு வெட்டுகிற கத்திரி மூத்தவளின் தலைக்கு மேலே ஆணியில் தொங்கியது. "அக்கா, கத்திரி!" என்று சின்னவள் போட்ட அலறல் இன்றைக்கும் மூத்தவளைத் தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும். நெற்றி உருளையைத் தொட ஒரு சாண் இருக்கும்போது பிடரியோடு வெட்டினாள். பிறகுதான் ஓடிப்போய் மெஷினை நிறுத்தினாள்.

அழுகைக்கு நடுவே சின்னவள் அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். புருஷனோடு சண்டை போட்டுப் பிறந்த வீட்டில் பல மாதம் இருந்துவிட்டு, பெரியவர்கள் பேசிச் சமாதானமாகி, அப்போதுதான் திரும்பி வந்திருந்தாள். மூடியை உடைத்தது தெரிந்தால் மாமியார் இந்தத் தடவை பெட்டியோடு வெளியே தள்ளிவிடுவாள் என்று நடுங்கினாள். மூத்தவள், "நான் வாயைத் திறக்க மாட்டேன். உனக்கு எப்ப சொல்லணும்னு தோணுதோ அப்ப சொல்லிக்கோ" என்றாள். உருளையில் சிக்கியிருந்த முடியை இழுத்து எடுத்துக்கொண்டு திரும்பினாள். வாசலில் மாமியார்.

சின்னவள் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். சொல்லவில்லை. முதல் சில நாட்கள் யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தாள். அப்புறம் மற்றவர்களோடு சேர்ந்து அவளும் குத்தலாகப் பேச ஆரம்பித்தாள். தான் செய்த துரோகத்தைத் தினமும் எதிரில் வைத்துக்கொண்டு வேலை செய்வதைவிட, எதிரில் நிற்பவளை வெறுத்துவிடுவது அவளுக்குச் சுலபமாக இருந்தது போலிருக்கிறது.

உடைந்த மூடி பழசாகித் தானாக விழுந்ததென்று எல்லோரும் நினைத்தார்கள். அது இல்லாமல் வேலை வேகமாக ஓடியதால் யாரும் திரும்ப மாட்டவில்லை. மூத்தவள் புருஷனிடம் சொல்லும்போதெல்லாம் அவன் அடுத்த வாரம் என்பான். கத்திரியை மாமியார் அன்றே மாடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அன்றிலிருந்து நூல் பிசிறைப் பல்லால் கடித்துத்தான் துப்புகிறாள் மூத்தவள்.

இப்போது மூடியும் இல்லை, கத்திரியும் இல்லை. பின்னல் மட்டும் திரும்பி வந்துவிட்டது.

அந்தக் காலையில் பார்த்துப் பயிற்சி நிலையத்து டீச்சர் வந்தாள். வேலை செய்கிற பெரியவர்களுக்கு அந்த நிலையத்தில் மாலை வகுப்புகள் உண்டு. மின்சார வேலை, கணக்கு வேலை, தையல், மெஷின் பாதுகாப்பு என்று பல இருந்தாலும், ஒரு பட்டறைக்கு வருஷத்துக்கு ஒரு பயிற்சிதான் கொடுப்பார்கள். துணி வெட்டித் தைக்கும் வகுப்புக்காக மூத்தவள் மூன்று வருஷமாகத் தவம் கிடந்தாள். திரைச்சீலை, தலையணை உறை தைத்துக் கொடுத்தால் நமக்கும் வேலை கூடும் என்று எடுத்துச் சொல்லிச் சொல்லி, போன மாதம்தான் மாமியாரைத் தலையாட்ட வைத்திருந்தாள். தனக்கென்று ஒரு மேஜை, ஒரு தையல் மெஷின், சன்னல் ஓரமாக ஓர் இடம். அவள் இந்த வீட்டில் கேட்ட ஒரே ஆசை அதுதான்.

டீச்சர் பருத்த உடம்புக்காரி. ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மூச்சு வாங்க மூட்டை மேலேயே உட்கார்ந்தாள். தையல் வகுப்புதானே, உறுதி செய்துவிடலாமா என்று கேட்டாள்.

மாமியார் முந்திக்கொண்டாள். "கத்திரி பிடிக்க இவளுக்குப் பாடம் வேற எடுக்கணுமா டீச்சர்? உங்ககிட்ட முடி வெட்டற வகுப்பு இருந்தா சொல்லுங்க. இவ போய்ச் சொல்லியே குடுப்பா."

வாசலில் வண்டியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்த மூத்தவளின் புருஷன்கூட லேசாகச் சிரித்தான். மூத்தவள் அதைப் பார்த்தாள். பிறகு சின்னவளின் தோளில் கிடந்த பின்னலைப் பார்த்தாள்.

"தையல் வேண்டாம் டீச்சர். மெஷின் பாதுகாப்பு வகுப்பு குடுங்க."

 மாமியார் பிடித்துக்கொண்டாள். இது என்ன புதுக் கூத்து, அதிகாரிகளை உள்ளே கூட்டி வந்து தொழிலை இழுத்து மூடுகிற திட்டமா, மூடிவிட்டு அண்ணன் வீட்டில் போய் உட்கார்ந்துகொள்ளலாம் என்ற எண்ணமா என்று அடுக்கிக்கொண்டே போனாள். புருஷன் மூட்டையைத் தொப்பென்று போட்டுவிட்டு உள்ளே வந்தான். மூன்று வருஷமாகத் தையல் தையல் என்று என் உயிரை எடுத்தாயே, இப்போது வந்தவர் முன்னால் மானத்தை வாங்குகிறாயே என்று கத்தினான். மூத்தவள் குனிந்த தலை நிமிராமல், "பாதுகாப்பு வகுப்புதான் டீச்சர்" என்று திரும்பவும் சொன்னாள்.

டீச்சர் தயங்கினாள். அந்த வகுப்புக்கு ஒரே மெஷினில் நிற்கிற இரண்டு பேரும் சேர்ந்துதான் வரவேண்டும், ஒருத்தருக்கு ஆபத்து என்றால் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறவர்தானே உதவ முடியும் என்று விளக்கிவிட்டு, சின்னவளைப் பார்த்து, "உங்களுக்குச் சம்மதமா?" என்றாள்.

"இவங்க கூடவா?" சின்னவளின் குரல் கிறீச்சிட்டது. "இவங்களுக்கு முதுகைக் காட்டி நிக்கவே எனக்குப் பயம். ஒரே பெஞ்சில உக்காரச் சொல்றீங்களே..."

எத்தனையோ பேச்சைத் துடைத்துப் போட்டவள்தான் மூத்தவள். இது மட்டும் நெஞ்சில் செருகிக்கொண்டு நின்றது. அவள் சின்னவளை நேராகப் பார்த்தாள். சின்னவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"கேட்டியா? கூடப் பொறந்தவ மாதிரி இருக்க வேண்டியவ பயப்படறா" என்றான் புருஷன். "இப்ப, எல்லார் முன்னாடியும் அவகிட்ட மன்னிப்புக் கேளு. இல்லையா, உங்க அண்ணன் வீட்டுக்குக் கிளம்பு."

"கிளம்பறேங்க." மூத்தவள் குரல் உயரவில்லை. "அந்த மூடியை மாட்டுங்க. கத்திரியைப் பழையபடி ஆணியில தொங்க விடுங்க. ரெண்டும் ஆனதும் நானே கிளம்பிடறேன். யாரும் கழுத்தைப் பிடிச்சுத் தள்ள வேண்டாம்."

"கத்திரியா?" மாமியார் இடுப்புச் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "கேட்டீங்களா டீச்சர், போற போக்குல மிச்சத்தையும் வெட்டிட்டுப் போகணுமாம்."

டீச்சருக்கு எதுவோ உறுத்தியிருக்க வேண்டும். எழுந்து மெஷினைச் சுற்றிப் பார்த்தாள். மூடி இருந்த இடத்தில் உடைந்த கீலைத் தடவினாள். இங்கே எப்போதாவது விபத்து நடந்திருக்கிறதா என்று கேட்டாள். எங்கள் பட்டறையில் ஒருத்தருக்கு நகம்கூடப் பெயர்ந்தது கிடையாது என்று மாமியார் அடித்துச் சொன்னாள். டீச்சர் மூத்தவள் பக்கம் திரும்பினாள்.

"இவ்வளவு ஆசைப்பட்டதை விட்டுட்டு இதைக் கேக்கறீங்க. ஏதாவது நடந்துச்சா?"

"சொல்றதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல டீச்சர்."

 டீச்சர் ஒரு கிழிந்த விரிப்பிலிருந்து நீளமாக ஒரு துண்டைக் கிழித்து, ஒட்டடைக் கம்பின் நுனியில் கட்டினாள். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கம்பை மட்டும் நீட்டி, அந்தத் துணி நாடாவை உருளைக்கு அருகே தொங்கவிட்டாள். நாடா காற்றில் லேசாக ஆடியது. ஒரு நுனி உருளையில் பட்டது. சடக். நாடாவைக் காணோம். கம்பு அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் மெஷினில் மோதி முறிந்தது.

"அந்தக் கம்பு நான்னு வெச்சுக்குவோம்" என்றாள் டீச்சர். "மெஷினை நிறுத்தணும். சுவிட்ச் எங்கே?"

புருஷன் வாசல் பக்கத்துச் சுவரைக் காட்டினான்.

டீச்சர் மெஷின் அருகிலிருந்தே கையை நீட்டிக் காட்டினாள். "எட்டலையே. இப்ப என்னை யார் காப்பாத்துவா?"

 உருளை சுழன்றுகொண்டே இருந்தது. சின்னவளின் கை மெல்ல மேலே போய்ப் பிடரியைத் தொட்டது. முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா... கத்திரி..."

அன்று போட்ட அதே வார்த்தைகள். இன்று அலறலாக இல்லை. யாரோ பின்னாலிருந்து பிழிந்தெடுத்தது போல வந்தன. மாமியார், "என்னடி?" என்றாள்.

"இப்படித்தான் அத்தை... இப்படித்தான் இழுத்துச்சு. என் தலையையே இழுத்துச்சு." சின்னவள் அப்படியே மூட்டைகளின் மேல் சரிந்தாள். "மூடியை நான்தான் உடைச்சேன். அக்கா வெட்டலேன்னா என் மூஞ்சி அதுக்குள்ள போயிருக்கும். நீங்க அனுப்பிடுவீங்கன்னு பயந்து நான்தான் சொல்லாதேன்னு கால்ல விழுந்தேன். அவங்க சொல்லலை... நீங்க எல்லாரும் கரிச்சுக் கொட்டினப்பவும் சொல்லலை. நான் பாத்துக்கிட்டே இருந்தேன் அத்தை. பாத்துக்கிட்டே..."

மேலே பேச முடியாமல் விக்கினாள். மூத்தவளின் புருஷன் போய் மெஷினை நிறுத்தினான். அந்த அமைதியில் அழுகை இன்னும் பெரிதாகக் கேட்டது.

மாமியாரின் முகத்தில் ஈயாடவில்லை. முதலில் வந்தது கோபம்தான். "ரெண்டு பேருமா சேர்ந்து என்னைப் பைத்தியக்காரி ஆக்கிட்டீங்களேடி" என்றாள். அப்புறம் மூத்தவளிடம், "நீயாவது சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? ஊரெல்லாம் சொல்லி வெச்சேனே..."

"சொன்னா அவளை அனுப்பியிருப்பீங்க அத்தை. மாட்டேன்னு சொல்லுங்க பார்ப்போம்."

மாமியாரின் கை இடுப்புச் சாவிக்குப் போனது.

புருஷன் கிட்டே வந்து, "நான்... எனக்குத் தெரியாம..." என்று இழுத்தான்.

"நீங்க முதல்ல அந்த மூடியை மாட்டுங்க" என்றாள் மூத்தவள். "அடுத்த வாரம்னு சொன்னீங்களே, அந்த வாரம் வந்தாச்சு." அவன் ஸ்பேனர் தேடப் போனான்.

டீச்சர் ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, இப்போது நான் எந்த வகுப்புக்கு என்று போய்ச் சொல்ல, தையலா பாதுகாப்பா என்று கேட்டாள். ஒரே ஒரு நொடி மூத்தவளின் கண் சன்னல் ஓரத்துக்குப் போய்வந்தது. சின்னவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"பாதுகாப்பு வகுப்பு டீச்சர். நாங்க ரெண்டு பேரும் வர்றோம். அடுத்த வருஷம் அக்காவுக்குத் தையல். அதை யாராவது மாத்தினா..." மாமியாரைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"நான் ஏண்டி மாத்தறேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே மாமியார் மாடிப்படி ஏறினாள்.

சின்னவள் தரையில் உட்கார்ந்து, மூத்தவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். "கட்டி விடுக்கா" என்றாள். மூத்தவள் மூட்டை மேல் உட்கார்ந்து அந்தப் பின்னலைக் கையில் எடுத்தாள். கொண்டையின் முதல் சுற்று நிற்காமல் அவிழ்ந்துவிட்டது. சின்னவள் அப்படியே திரும்பி அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். "அழு, ஆனா தலையை ஆட்டாதே. கொண்டை நிக்காது" என்று சொன்ன மூத்தவளின் கண்ணிலிருந்தும் கொட்டிக்கொண்டிருந்தது.

மாடியில் அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. மாமியார் படியிறங்கி வந்தாள். கையில் கத்திரி. மன்னித்துவிடு என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. அந்த வாய்க்கு அது பழக்கமில்லை. நேராகப் போய், குதிகாலை உயர்த்தி, துருப்பிடித்த அந்த ஆணியில் கத்திரியைத் தொங்கவிட்டாள். விழாமல் நிற்கிறதா என்று ஒருமுறை அசைத்துப் பார்த்தாள்.

பிறகு, மூத்தவளின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்:

"கைக்கு எட்டுதான்னு பாரும்மா."