ஒன்பதாவது மிஷினின் எர்த்

வயர் போகும் குழாயின் இரண்டு முனைகளையும் கழற்றிய பிறகும் மீட்டர் கத்தியது.

எலக்ட்ரீஷியன் மீட்டர் முனையைக் குழாயிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தான். அதே கத்தல். விடுமுறை நாள் மதியம்தான், ஆனால் தரைக்குக் கீழே இருக்கும் அந்தச் சலவைக்கூடத்துக்கு வெயில் எட்டாது. சோப்புத்தூளும் ஈரத்துணியும் கலந்த வாடை, எங்கோ சொட்டும் தண்ணீர், இரண்டு வாரமாக அவன் முதுகைவிட்டு இறங்காத அலுப்பு.

"எட்டு மிஷினுக்கும் பச்சை வயர் போட்டீங்க. இதுக்கு மட்டும் கண்ணைக் கட்டிடுச்சா?" ஏணி பிடிக்க வந்த மனைவி கொட்டாவி விட்டாள். நாளை காலை இதே மிஷினில் ஈரக்கையோடு நிற்கப்போகிறவள் அவள்தான்.

"அசதியில விட்டுட்டேன். அதான் வந்துட்டேனே."

கூரைப் பலகைக்கு மேலிருந்து இறங்கும் நெளிகிற இரும்புக் குழாய் அது. ஏழரை அடி. ஆறடியைத் தாண்டினால் குழாயையே எர்த்தாக நம்பக் கூடாது, உள்ளே தனி வயர் ஓட வேண்டும் என்பது விதி. மாற்றுவதற்காகத்தான் கழற்றியிருந்தான். மீட்டரின் ஒரு முனை போர்டின் எர்த் பட்டையில், மறு முனை குழாயில். இடையில் அறுபடாத உலோகத் தொடர்பு இருந்தால்தான் அது கத்தும். மனித உடம்பைத் தொட்டால் கத்தாது.

ஏணியில் ஏறி டார்ச் அடித்தான். தூசி. மரச்சட்டம். குழாயின் மேல்முனை எதையும் தொடாமல் இருட்டுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது.

இறங்கி இழுத்தான். வரவில்லை.

மேலிருந்து, மெதுவாக, யாரோ இழுத்தார்கள்.

"கையை வைக்காதே," என்றான்.

"நாலு மணிக்கு வீட்டுக்குப் போகணும்ங்க. தள்ளுங்க." அவள் வெறுங்கைகளால் குழாயைப் பற்றி ஒரே இழுப்பு இழுத்தாள்.

சுலபமாக வந்துவிட்டது. தடதடவென்று தரையில் விழுந்து சுருண்டது. அவள் உள்ளங்கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

மீட்டர் முனையைக் கீழே கிடந்த குழாயில் வைத்தான். சத்தமில்லை. பெருமூச்சு விட்டான். புதுக் குழாய், உள்ளே பச்சை வயர், இரு பக்கமும் இறுக்கிய கிளாம்ப். மிஷினில் வைத்துப் பார்த்தபோது, நியாயமாக, கத்தியது. இனி அவளுக்கு ஆபத்தில்லை. சாமான்களைப் பைக்குள் போடக் குனிந்தான்.

மீட்டர் கத்தியது.

திரும்பினான். மிஷினைவிட்டு நாலடி தள்ளி, காய்ந்த மரப்பலகை மேல், ரப்பர் செருப்போடு அவள். மீட்டரின் ஒரு முனை இன்னும் எர்த் பட்டையில்; சுற்றிவைக்க எடுத்த மறு முனை அவள் கைக்குள், எதையும் தொடாமல்.

"அதைக் கீழே வை."

வைக்கவில்லை.

"நேரமாச்சு," என்றாள். அவள் குரலில் அலுப்பே இல்லை. "வாங்க. வீட்டுக்குப் போலாம்."

மூடிய கைக்குள்ளிருந்து, விடாமல், அது கத்திக்கொண்டிருந்தது.