ஏழாவது வரிசையின் விதைகள்

சஹனிலிருந்து பாதியில் எழுந்திருக்கக் கூடாது. இது ரிதா வீட்டுச் சட்டம். ஒரே பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து சாப்பிட்டால், கடைசி ஆள் முடிக்கும்வரை மற்ற மூவரும் காத்திருக்க வேண்டும். டப்ளினில் சொந்த வீடானாலும் சரி, மூன்று மணி நேரம் கார் ஓட்டி வந்த மலைச்சரிவானாலும் சரி, உம்மா ஹபீஸா இந்த விஷயத்தில் கொஞ்சமும் இறங்கி வரமாட்டார்.

அதனால்தான் முதுகுக்குப் பின்னால் சரசரவென்று சத்தம் கேட்டபோது, பத்து வயது ரிதாவால் எழுந்துபோய்ப் பார்க்க முடியவில்லை. தம்பி உஸைர் கடைசி எலும்பை விடுவதாக இல்லை.

"சீக்கிரம் சாப்பிடேன்டா!"

"பிரியாணியை யாராவது ஃபாஸ்ட்டா சாப்பிடுவாங்களா, ராத்தா?"

ஒருவழியாக அவன் எலும்பைக் கீழே வைத்தான். ரிதா கையைக்கூடக் கழுவாமல் ஓடினாள். பாறைமேல் வைத்திருந்த துணிப்பை சரிந்து கிடந்தது. இடது கையை உள்ளே விட்டுத் துழாவினாள். ஒரு விதைகூட இல்லை.

சாதாரண விதைகளா அவை! மூன்று வருடத்துக்கு முன்னால், 2003இல், இந்தச் சரிவு தீயில் கருகிப்போனது. பிழைத்த சில பைன் மரங்களிலிருந்து விதைகளைச் சேகரித்து, காட்டைத் திரும்ப வளர்க்க வந்த குடும்பங்களுக்கு ஆளுக்கொரு பையாகக் கொடுத்திருந்தார் ரேஞ்சர் டோனா. "இதுக்கு மேல என்கிட்ட விதை கிடையாது. பத்திரம்" என்று இங்கிலீஷில் சொல்லி, ஏழாவது வரிசைக்கான பையை ரிதாவின் கையில்தான் வைத்தார். இத்தனை பெரியவர்கள் இருக்கும்போது தன்னை நம்பித் தந்தாரே என்று, காலை முழுவதும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

குழிகள் தோண்டியாயிற்று. சாப்பிட்டு முடித்ததும் விதை போட வேண்டும். நாலு மணிக்கு ரேஞ்சர் பார்க்க வருவார்.

"வாப்பா, விதையெல்லாம் போச்சு!" ரிதா காலிப் பையைத் தூக்கிக் காட்டினாள்.

வாப்பா ஹாஜா நஜ்முதீன் பையைத் தலைகீழாக உதறிப் பார்த்தார். அதற்குள் சேனாபதி அங்கிள் வந்துவிட்டார். வாப்பாவின் ஆபீஸில் அவர் ப்ராஜெக்ட் மேனேஜர். காட்டையும் ஒரு ப்ராஜெக்ட்டாகவே பார்த்தார். பன்னிரண்டு வரிசை, வரிசைக்கு நாற்பது குழி, குழிக்கு மூன்று விதை என்று எக்ஸெல்லில் கணக்குப் போட்டு, கயிறு கட்டி நேர்கோட்டில் தோண்ட வைத்தவர் அவர்தான்.

"டோன்ட் பேனிக்" என்றார் அங்கிள். அவர் குரல்தான் எல்லோரையும்விட நடுங்கியது.

"ராத்தா, அங்க பாரு! திருடன்!" என்று உஸைர் கத்தினான்.

பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு குட்டி அணில் எட்டிப் பார்த்தது. முதுகில் கோடு கோடாக இருந்தது. கன்னம் இரண்டும் பல்வலி வந்ததுபோல் வீங்கியிருந்தன. கீழே சிந்தியிருந்த கடைசி விதைகளையும் வாய்க்குள் அடக்கிக்கொண்டு அது மேலே ஓடியது.

ரிதா விடவில்லை. பதுங்கிப் பதுங்கிப் பின்னாலேயே ஏறினாள்.

அணில் ஒரு புதரடியில் நின்றது. முன்னங்கால்களால் பரபரவென்று தோண்டியது. முகத்தைக் குழிக்குள் விட்டு விதைகளைத் துப்பியது. மண்ணை மூடி, இரண்டு கைகளாலும் தட்டித் தட்டிச் சமப்படுத்தியது. மேலே ஒரு சருகை இழுத்துப் போட்டது. பிறகு, பீரோவைப் பூட்டியவர்கள் பார்ப்பதுபோல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு ஓடிப்போனது.

ரிதா வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். அத்தனை நேர்த்தி!

"இடம் தெரிஞ்சு போச்சுல்ல? தோண்டு!" மூச்சு வாங்க வந்து சேர்ந்தார் சேனாபதி அங்கிள்; பின்னாலேயே வாப்பாவும் உஸைரும். "எல்லாப் புதரையும் செக் பண்ணினா, நாலு மணிக்குள்ள முழுசா ரெக்கவர் பண்ணிடலாம்."

ரிதா மண்டியிட்டு விரலால் மண்ணை விலக்கினாள். உள்ளே எட்டு விதைகள் ஒன்றாகக் கிடந்தன. ரேஞ்சர் சொல்லித்தந்த ஆழம் எதுவோ, அதே ஆழம். மண் ஜில்லென்று ஈரமாக இருந்தது.

அவள் கீழே திரும்பிப் பார்த்தாள். கயிறு கட்டித் தோண்டிய பன்னிரண்டு வரிசைகளும் மொட்டை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. காலையில் அங்கே தோண்டத் தோண்ட மண் புழுதியாகப் பறந்தது.

பக்கத்தில் ஏதோ பச்சையாகத் தெரிந்தது. ரிதா புதரை விலக்கினாள். விரல் உயரத்தில் பைன் கன்றுகள்! ஆறு கன்றுகள் ஒரே இடத்திலிருந்து, ஒரு பிடி கீரைபோலக் கொத்தாக முளைத்திருந்தன.

"வாப்பா, இதை யார் நட்டாங்க?"

"இங்க யாரும் நடலையேம்மா. இன்னிக்குத்தானே முதல் நாள்."

அடுத்த புதரடியில் நாலு கன்றுகள். அதற்கடுத்ததில் ஏழு. ரிதா நிமிர்ந்தாள். மனிதர்கள் ஏறவே முடியாத செங்குத்தான இடத்தில்கூட, கருகிய மண்ணில், அங்கங்கே பச்சைக் கொத்துகள். எல்லாமே ஏதோ ஓர் அணில் ஒளித்துவைத்து, திரும்பி வராமல் போன குழிகள். யாரும் கேட்காமல், யாரும் பார்க்காமல், ஒரு காடு மலையேறிக்கொண்டிருந்தது.

"டைம் ஆகுது ரிதா, எடும்மா" என்றார் அங்கிள்.

"வேண்டாம், அங்கிள். நம்ம வரிசையில போட்டா காஞ்சு போயிடும். அது நல்ல இடமா பார்த்து வச்சிருக்கு."

"அது எல்லாத்தையும் சாப்பிட்டுடுமே?" என்றான் உஸைர்.

"கொஞ்சம் சாப்பிடும். எல்லாத்தையும் சாப்பிட்டிருந்தா, இந்த ஆறும் எப்படி வந்துச்சு?"

உஸைர் குனிந்து ஒரு கன்றைத் தொட்டுப் பார்த்தான்.

"ரேஞ்சர் கேட்டா என்ன சொல்வே?" என்று வாப்பா மெதுவாகக் கேட்டார்.

"தொலைச்சுட்டேன்னு சொல்றேன், வாப்பா."

எட்டு விதைகளின்மேலும் மண்ணைத் தள்ளி மூடினாள்.

சேனாபதி அங்கிள் கொஞ்ச நேரம் ஈர மண்ணையும் கீழே இருந்த வரிசைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையைக் குவித்துக் கத்தினார்: "எல்லாரும் கேளுங்க! வரிசை கேன்சல்! விதையை எடுத்துட்டு நிழலைத் தேடுங்க!"

ரேஞ்சரின் வண்டி வந்ததும் முதலில் ஓடியவள் ரிதாதான். "நீங்க கொடுத்த விதையைப் பத்திரமா வைக்கலை. அணில் எடுத்துட்டுப் போயிடுச்சு. எங்க இருக்குன்னு தெரியும், ஆனா நான் எடுக்கலை" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

டோனா அவளைத் திட்டவில்லை. புதரடிக்கு வந்து குனிந்து பார்த்தார். கன்றுகளை ஒவ்வொன்றாக எண்ணினார்.

"ஏழாவது வரிசையை முடிச்சாச்சுன்னு எழுதிக்கறேன்" என்று புன்னகைத்தார். "அதோ, அந்தப் பெரிய மரத்தைப் பார்த்தியா?"

சரிவின் ஓரத்தில், தீயிலிருந்து தப்பிய பைன் மரம் ஒன்று வானத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. ரிதா கிட்டே போனாள். பட்டையில் வெனிலா ஐஸ்கிரீம் வாசனை வந்தது. தலையை அண்ணாந்து பார்த்தால் மூன்று மரங்கள். குனிந்து அடியைப் பார்த்தால் மூன்றும் ஒட்டிக்கொண்டு ஒன்றாக இருந்தன.

அவளுக்குச் சட்டென்று புரிந்தது.

"இதுவும் ஒரே குழியா?" மரத்தடியைத் தொட்டபடி கேட்டாள்.

"அப்படித்தான் நினைக்கிறோம். நானூறு வருஷம் இருக்கும்."

ரிதா இரண்டு கைகளையும் விரித்து மரத்தைக் கட்டிக்கொண்டாள். உஸைர் அவள் கையைப் பிடித்தான். அவன் கையை உம்மா பிடித்தார். வாப்பா சேர்ந்துகொண்டார். பிறகு சேனாபதி அங்கிள். கடைசியாக, தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு ரேஞ்சர் டோனா.

ஓர் அணில் மறந்துபோன ஒரு வாய் விதையைச் சுற்றி வளைக்க, ஆறு பேர் போதவில்லை.