குகைப் பிள்ளைக்கு வாய்க்கரிசி

மல்லசமுத்திரத்துக்கு மேற்கே கரட்டுக் குகையில் பழங்கால எலும்பு தேடித் தோண்டத் துரை ஒருவர் வந்து கூடாரம் போட்ட வருஷம், மழை பொய்த்திருந்தது. கூலி கிடைத்தால் போதுமென்று சென்னியப்பனும் அவன் பெண்டாட்டி ஆராயியும் வேலைக்குப் போனார்கள். அவன் மண் வெட்டுவான். அவள் அதைச் சல்லடையில் சலிப்பாள். கைக்குழந்தை பொன்னாத்தாள் குகை வாசலில் வேப்பமரத்துத் தூளியில் கிடப்பாள். முன்னே பிறந்த இரண்டையும் மண்ணுக்குக் கொடுத்தவள் ஆராயி. இந்த ஒன்றாவது தங்க வேண்டுமே என்று மூச்சுக்கு முந்நூறு தடவை தூளியை எட்டிப் பார்ப்பாள்.

குகைக்குள் வௌவால் எச்ச வாடை. ஆழம் போகப் போக அதற்கடியில் இன்னொரு வாடை வந்தது.

பால் புளித்த வாடை.

ஒரு மத்தியானம் செம்மண்ணுக்குள் குழந்தை எலும்புக்கூடு ஒன்று அகப்பட்டது. முழங்காலை மடக்கி ஒருக்களித்துக் கிடந்தது. வாய் திறந்திருந்தது. பால்பல் மேலே இரண்டு, கீழே இரண்டு.

"ராசாக்க காலத்துக்கும் முந்தின புள்ளையாமா. துரை சொல்றாருங்க," என்று சொல்லி மேஸ்திரி எல்லாரையும் கஞ்சி குடிக்க அனுப்பினார்.

ஆராயிக்கு மனசு கேட்கவில்லை, பின்தங்கி நின்றாள். யாரும் ஒரு பிடி அரிசி போடாமல் அனுப்பிவிட்ட பிள்ளை போலிருக்கிறது, அதுதான் இத்தனை காலமும் வாயைத் திறந்துகொண்டே கிடக்கிறது என்று நினைத்தாள். பொன்னாத்தாளுக்குக் கஞ்சி வைக்க முந்தானையில் முடிந்திருந்த அரிசியை அவிழ்த்து, அந்த வாயில் ஒரு சிட்டிகை போட்டாள்.

சென்னியப்பன் பார்த்துவிட்டான்.

"ஏம்புள்ள, என்ன காரியம் பண்ணிப்போட்டே? சொந்தக்காரங்கதான வாய்க்கரிசி போடோணும்?"

"பாவமாட்டம் இருந்துச்சுங்க."

பாவம் பார்த்தால் பழி வந்து சேரும் என்று சும்மாவா சொன்னார்கள்?

அன்று பொழுது சாயப் பொன்னாத்தாள் பாலுக்கு அழுதாள். ஆராயியின் மார் வற்றிக் கிடந்தது. மறுநாளும் அப்படித்தான். யாரோ முந்திக்கொண்டு குடித்துவிட்ட மாதிரி இருந்தது. குளிக்கும்போது குனிந்து பார்த்தாள். மாரில் பல் பதிந்திருந்தது.

மேலே இரண்டு, கீழே இரண்டு.

பொன்னாத்தாளுக்கு இன்னும் பல் முளைக்கவில்லை.

"அதைத் திரும்பப் பொதச்சுப்போடுங்க சாமி," என்று சென்னியப்பன் மேஸ்திரியின் காலில் விழுந்தான். யார் கேட்டார்கள்? வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடைத்து, சேலத்தில் ரயிலேற்றிப் பட்டணத்துக்கு அனுப்பினார்கள். தொலைந்தது சனியன் என்று ஆராயி கொஞ்சம் மூச்சு விட்டாள். ஆட்டுப்பாலைச் சங்கில் புகட்டினாள். ஒரு சொட்டும் உள்ளே இறங்கவில்லை. இரண்டொரு நாளில் பொன்னாத்தாள் அவள் மடியிலேயே அடங்கிப்போனாள்.

வாய்க்கரிசி போடச் சென்னியப்பன் மகளின் வாயைத் திறந்தான்.

உள்ளே ஏற்கெனவே அரிசி இருந்தது. செம்மண் ஒட்டிய அரிசி.

அடக்கம் பண்ணிவிட்டு வீடு திரும்பினார்கள். விட்டத்தில் கட்டிய தூளியை அவிழ்க்க யாருக்கும் நினைவில்லை. காற்றே இல்லை. தூளி பாரமாய்த் தொங்கி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. வீடெல்லாம் பால் புளித்த வாடை.

"கிட்டப் போகாத, ஆராயி," என்று அவன் முணுமுணுத்தான்.

அவள் சேலை மாரோடு நனைந்திருந்தது. வற்றிக் கிடந்த பால் சுரந்துவிட்டது.

"பசிக்குதாமாங்க," என்று சொல்லி, அவள் தூளியருகே உட்கார்ந்து முந்தானையை விலக்கினாள்.