வாடகைக்கு எடுத்த சீர்

"அடியே அம்சவள்ளி... எங்கடி போச்சு கட்டிலு? எங்கடி பீரோ?"

விஜயலட்சுமி போட்ட சத்தத்தில் கச்சிராயபாளையத்தில் அந்தத் தெருவே எட்டிப் பார்த்தது. சின்னசேலத்தில் ஒரு காதுகுத்துக்குப் போய், பேரன் சுபாஷை அங்கே சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டு, மகன் செல்லமுத்துவோடு முதல் பஸ்ஸில் வந்து இறங்கியவள், கையில் இருந்த பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை. மகனும் மருமகளும் படுக்கும் அறை துடைத்துவிட்டது போல் கிடந்தது. அம்சவள்ளியின் கல்யாணத்துக்கு அவள் அப்பா ஆள் வைத்துச் செய்துகொடுத்த தேக்குக் கட்டிலைக் காணோம். கூடவே வந்த தேக்கு பீரோவையும் காணோம். துணிமணிகள் மட்டும் ஒரு சாக்கை விரித்து அதன் மேல் மடித்து அடுக்கியிருந்தன.

அம்சவள்ளி அடுப்படியிலிருந்து வந்து நின்றாள்.

"புரிஞ்சி போச்சுடி! இன்னிக்கி என் புள்ள கள்ளக்குறிச்சிக்குப் போயி வக்கீலப் பாத்து மஞ்ச நோட்டீஸ் குடுக்கப் போறான். கடங்காரன் வந்து தூக்கறதுக்குள்ள உன் சாமான மட்டும் ஒங்கப்பன் வூட்டுக்கு ஏத்திட்ட... அதான? நாங்க இன்னா ஆனா ஒனக்கு இன்னா!"

அவள் சொன்னதில் பாதி உண்மை. செல்லமுத்து கல்வராயன் மலையில் மரவள்ளிக்கிழங்கு வாங்கி ஜவ்வரிசி ஆலைக்கு அனுப்புகிறவன். ஆலை கைவிரித்துவிட்டது. மலையில் கிழங்கு பயிரிடும் மாதனும் அவன் ஊர்க்காரர்களும் இவன் வாய்ச்சொல்லை நம்பிக் கடனாகக் கொடுத்த கிழங்குக்கு இன்னும் பணம் போகவில்லை. ஒரு வட்டியைக் கட்ட இன்னொரு வட்டிக்கு வாங்கி, மூச்சு முட்டிப் போனான் மனுஷன். திவால் என்று கோர்ட்டில் சொல்லிவிட்டால் எவனும் வாசலில் வந்து கத்த மாட்டான் என்று யாரோ ஓதிவிட, அதையே பிடித்துக்கொண்டான்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. போன தையில் தங்கை ரம்யாவை ரிஷிவந்தியத்தில் கட்டிக்கொடுத்தார்கள். சீர் குறைந்தால் சம்பந்தி வீட்டில் மதிப்பு இருக்காதாம்! கட்டில், பீரோ, சோபா எல்லாவற்றையும் கள்ளக்குறிச்சியில் தெய்வசிகாமணி என்பவர் கடையில் வாடகைக்கு எடுத்து, மேளதாளத்தோடு டெம்போவில் ஏற்றி அனுப்பினார்கள். மாதாமாதம் வாடகை கட்டவேண்டும். கடைசித் தவணை கட்டிய பிறகுதான் சாமான் நமக்குச் சொந்தம், அதுவரை அது கடைக்காரருடையது. வாடகைக்கு எடுத்துச் சீர் செய்கிற அதிசயத்தை எங்கே போய்ச் சொல்ல! வாங்கியவன் பாதியிலேயே வாடகையை மறந்துவிட்டான். கொடுத்தவர் மறப்பாரா?

"அம்சா..." செல்லமுத்துவின் குரல் உடைந்தது. "கட்டிலு போனா போவட்டும். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? நீ கூடவா என்ன நம்பல?"

மாமியார் எவ்வளவு ஏசினாலும் அசையாமல் நின்றவளுக்கு, இந்த ஒரு கேள்வியில் கண் நிறைந்துவிட்டது.

"இப்ப எதுவும் கேக்காதீங்க. சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு நிக்கறேன்."

"இன்னாடி பொல்லாத சத்தியம்? போ! சாமான் போன வூட்டுக்கே நீயும் போ!"

அம்சவள்ளி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே போய்ச் சர்க்கரை போடாத காபியை ஆற்றிக்கொண்டு வந்து மாமியார் பக்கத்தில் வைத்தாள். "மாத்திர போட்டுக்கோங்க அத்த" என்று சொல்லிவிட்டு, ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு வாசல்படி இறங்கினாள்.

அங்கே வந்து நின்ற ஆட்டோவிலிருந்து ரம்யா குதித்தாள். "அண்ணி!" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டு அப்படி ஓர் அழுகை!

"இன்னாடி ஆச்சு? ஒங்க மாமியாரு எதுனா சொன்னாங்களா?" விஜயலட்சுமி பதறிப்போனாள்.

"அண்ணி எதுக்கும்மா பையத் தூக்கிக்கினு போறாங்க? நீ இன்னா சொன்ன அவங்கள? ஐயோ... எல்லாம் என்னாலதான்! போன வாரம் கடைக்காரங்க டெம்போ எடுத்துக்கினு எங்க வூட்டு வாசல்ல வந்து நின்னாங்கம்மா, கட்டிலத் தூக்க. எங்க மாமியாரு கழனிக்குப் போயிருந்தாங்க, தப்பிச்சேன். ஒரு வாரம் பொறுத்துக்கோங்கன்னு கெஞ்சி அனுப்பிட்டு அண்ணிக்கி போன் போட்டேன். அம்மாவுக்குத் தெரிஞ்சா நெஞ்சு வெடிச்சிடும், அண்ணனுக்கும் சொல்லாதீங்கன்னு நாந்தான் சத்தியம் வாங்கினேன்."

"அப்புறம்?" என்றான் செல்லமுத்து.

"நேத்து சாயங்காலம் கடைக்காரரே போன் பண்ணாரு. 'ஒங்க அண்ணி அவங்க தேக்குக் கட்டிலயும் பீரோவையும் குடுத்துக் கணக்க முடிச்சிட்டாங்க, இனிமே அந்தச் சாமான் ஒன்னுதும்மா'ன்னாரு. எனக்கு ராத்திரி அந்தக் கட்டில்ல படுக்கவே மனசு வரல அண்ணி!"

செல்லமுத்து அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். அந்தக் கணக்கு முடியாமல் நோட்டீஸ் கொடுத்திருந்தால் அது தெய்வசிகாமணிக்கும் போயிருக்கும். மறுநாளே தங்கையின் சீரைச் சம்பந்தி கண்ணெதிரில் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். அது தன் புத்திக்கு ஏன் எட்டவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டான்.

விஜயலட்சுமியின் கையிலிருந்த பை நழுவியது.

"பாவி... நான் அந்தப் பேச்சு பேசறேன், நீ கல்லு மாரி நிக்கறியே! உன் தாய் வூட்டுச் சீரு... அதப் போயி ஏன்டி குடுத்த?"

"அத்த... கல்யாணமாயி ரொம்ப வருஷம் எனக்குப் புள்ள இல்ல. ஊரே வாய்க்கு வந்தபடி பேசிச்சி. ஒரு நாளு குழாயடியில ஒருத்தி என்ன மலடின்னா. நீங்க கொடத்தப் போட்டுட்டு வந்து, 'என் மருமவள இன்னொரு வாட்டி அப்பிடிச் சொன்னா நாக்க அறுத்துடுவேன்'னு நடுத்தெருவுல நின்னு சண்ட போட்டீங்க. நீங்க மறந்திருப்பீங்க. நான் மறக்கல. எம்புள்ள சுபாஷ் பொறந்தப்பகூட அதத்தான் நெனச்சேன். அன்னிக்கி என் மானத்தக் காப்பாத்தின ஒங்க மானம் போவும்போது, ஒரு கட்டிலு பெருசா அத்த?"

"ஆத்தா!" என்று கதறி அவளை மார்போடு அணைத்துக்கொண்டாள் விஜயலட்சுமி. "என்ன மன்னிச்சிடுடி... உன்ன எனக்குக் குடுத்தானே, அந்தச் சாமிக்கி நான் இன்னா கைமாறு செய்வேன்!"

செல்லமுத்து எழுந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"வக்கீலாண்ட போவல அம்சா. வெள்ளிமல பஸ்சப் புடிக்கறேன். மாதன் கிட்ட உள்ளதச் சொல்லி, சிறுகச் சிறுகக் கட்டிடறேன்னு கேக்கறேன். நீ செஞ்சதுக்கு அப்புறம் நம்பிக் குடுத்தவனுக்கு நான் நோட்டீஸ் குடுத்தா, நான் மனுசனே இல்ல."

"வெறும் வயித்தோட போவாதீங்க. இட்லி வேவுது" என்றாள் அம்சவள்ளி. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன அவளுக்கு.

இதற்குள் விஜயலட்சுமி தன் பழைய கயிற்றுக் கட்டிலைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு அந்தக் காலி அறைக்கு வந்துவிட்டாள்.

"இன்னியிலேந்து நீ இதுல படு. நான் கீழ படுத்துக்கறேன்."

"ஒங்க முட்டிவலிக்கு ஆவாது அத்த."

"சொன்னதச் செய்டி! இந்த வூட்டுக்கு நாந்தான் மாமியாரு!"